கீரனூருக்கு ரெண்டு டிக்கெட்!

பழனி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துடுங்க. தைப்பூசம், பங்குனி உத்திரம், கிருத்திகை பக்கமா மட்டும் வேண்டாம். மொட்டைத் தலைகளுக்கும் காவடிகளுக்கும் நடுவில் உங்களைத் தேடிப் பிடிக்கிறதுக்குள்ளே எனக்குப் பாதி உயிர் போயிடும். சாதாரண புதன்கிழமை போதும். ஒரு தண்ணி பாட்டில், ஒரு நோட்டு, ஒரு பேனா. லேப்டாப் வீட்டிலேயே தூங்கட்டும்.

கீரனூர்னு சொன்னதும் திருச்சிப் பக்க ஃப்ரெண்ட்ஸ், 'எங்களுக்குத் தெரியாத ஊரா?'ன்னு கிளம்பிடாதீங்க. நீங்க நினைக்கிறது புதுக்கோட்டை ரோட்டில் இருக்கிற கீரனூர். நான் கூட்டிட்டுப் போறது திண்டுக்கல் மாவட்டம், பழனி தாலுகா கீரனூர். மலைக்கு முதுகைக் காட்டிட்டு, தாராபுரம் திசையில் வடக்கே போகணும். எங்க பேட்ச்சில் ஒருத்தன் ஊர்ப்பேரை மட்டும் நம்பி திருச்சிக்குப் போய் இறங்கி, ராத்திரி ஒன்பது மணிக்கு, "மேடம், இங்க பழனியையே காணோமே"ன்னு போன் பண்ணினது தனிக்கதை.

டிக்கெட்டை நானே எடுக்கறேன். ஜன்னல் சீட் உங்களுக்கு.

எதுக்கு கீரனூர்? அருவியா? கிடையாது. பார்க்கா, போட்டிங்கா? கிடையாது. நான் எம்.எஸ்.டபிள்யூ. படிச்ச ஊர் அது. டிகிரி கொடுத்த காலேஜ் வேறே ஊரில் இருக்கு. மார்க் ஷீட்டும் அவங்க கொடுத்ததுதான். ஆனா படிச்சது எங்கேன்னு யாராவது கேட்டா, கீரனூரைத்தான் சொல்லத் தோணுது.

எம்.எஸ்.டபிள்யூ.ன்னா மாஸ்டர் ஆஃப் சோஷியல் ஒர்க். நான் இதில் சேர்ந்தப்போ எங்க சித்தப்பா கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கு. "சமூக சேவையா? அதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம் ஃபீஸ் கட்டணும்? பத்து பேருக்கு அன்னதானம் போட்டா ஆகாதா?" நியாயமான கேள்விதான். அன்னிக்கு என்கிட்ட பதில் இல்லை.

பஸ் ஊரைத் தாண்டிடுச்சு பாருங்க. தென்னை, மக்காச்சோளம், நடுநடுவே காய்ஞ்சு கிடக்கிற மேட்டுக்காடு. திரும்பிப் பார்த்தா பழனி மலைத்தொடர் நீலமா நிக்குது. மலையில் பெய்யற மழைக்குப் பஞ்சமில்லை. அதை நம்பி இந்தச் சமவெளியில் விவசாயம் பண்ணினா பஞ்சம்தான். சண்முகநதியில் தண்ணி ஓடினா உண்டு. அந்த நதி போய்ச் சேர்ற அமராவதியும் அப்படித்தான். கிணற்றில் தண்ணி இறங்கினா வீட்டில் ஒருத்தர் மில்லுக்குப் போவாங்க. இந்த ஒரு வரி புரிஞ்சா, என் முதல் செமஸ்டர் ஊரகப் பொருளாதாரப் பேப்பரில் பாதி உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி.

வர்ற வழியில் படிக்க ஒரு புத்தகமும் சொல்லிடறேன். எழுத்தாளர் கீரனூர் ஜாகிர்ராஜாவுக்கு இதுதான் ஊர். அவரோட 'மீன்காரத் தெரு' நாவலைத் தேடிப் படிங்க. ஒரே பள்ளிவாசலுக்குப் போற ஜனங்களுக்குள்ளேயே தெருவுக்குத் தெரு எவ்வளவு உயரம், எவ்வளவு பள்ளம்னு அதில் இருக்கு. எங்க சிலபஸில் 'சமூக அடுக்கமைவு'ன்னு ஒரு பாடம் உண்டு. பரீட்சைக்கு அதை மனப்பாடம் பண்ணினேன். நாவலைப் படிச்ச பிறகுதான் விளங்குச்சு.

2012 ஜனவரி. எங்களுக்குப் பத்து நாள் கிராம முகாம். கீரனூரைச் சுத்தி இருக்கிற ஊர்களில் ஒண்ணு. பேரைச் சொல்ல மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ரகசியம் காக்கணும்ங்கிறது எங்க தொழிலோட முதல் சில விதிகளில் ஒண்ணு.

முகாமுக்கு முன்னாடி ஒருநாள் எங்களை காந்திகிராமத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க. திண்டுக்கல்லில் இருந்து மதுரை ரோட்டில் போனா சின்னாளப்பட்டி. ஆமா, சுங்குடிப் புடவை சின்னாளப்பட்டியேதான். அதை ஒட்டி இருக்கு. நாங்க ஏதோ பிக்னிக்னு புளியோதரை கட்டிட்டுப் போனோம். வேப்பமரம், ஓட்டுக் கட்டடம், மயில், அமைதி. செம ஊர். அங்கே கேட்ட டாக்டர் சௌந்தரம் கதையில்தான் புளியோதரை மறந்துபோச்சு.

டி.வி.எஸ். கம்பெனியை ஆரம்பிச்ச டி.வி.சுந்தரம் அய்யங்காரோட மகள் அவங்க. 1904-இல் பிறந்தவங்க. அந்தக் கால வழக்கப்படி சின்ன வயசிலேயே கல்யாணம், இளம் வயசிலேயே கணவரோட மரணம். அதோட கதை முடிஞ்சதுன்னு மூலையில் உட்கார வைக்கிற காலம். அவங்க டெல்லிக்குப் போய் மருத்துவம் படிச்சாங்க. ஜி.ராமச்சந்திரன்ங்கிற காந்தியவாதியை விரும்பினாங்க. வேறே ஜாதி, வேறே மொழி. வீட்டில் சம்மதம் இல்லை. காந்தி, 'ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்து பாருங்க'ன்னு சொன்னார். இருந்தாங்க. மனசு மாறலை. 1940-இல் கல்யாணம் நடந்துச்சு. 1947-இல், சுதந்திரம் வந்த ரெண்டாவது மாசம், இந்த ரெண்டு பேரும் சேர்ந்து தொடங்கினதுதான் காந்திகிராமம். டி.வி.எஸ். வீட்டுப் பொண்ணு, ஸ்டெதஸ்கோப்போட சின்னாளப்பட்டிக்கு வந்து பிரசவம் பார்த்தாங்கன்னா யோசிச்சுப் பாருங்க. 1956-இல் அங்கே கிராமிய நிறுவனம் வந்துச்சு. 1976-இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கிப் படிக்கணும்ங்கிறது அங்கே பாடத்திட்டத்திலேயே உண்டு.

சித்தப்பாவோட கேள்விக்கு வர்றேன். 'சேவை'க்கு எதுக்குப் படிப்பு? 1936-இல் மும்பையில் டாடா அறக்கட்டளை ஒரு ஸ்கூலை ஆரம்பிச்சப்போ இந்தியா முழுக்க இதே கேள்விதான். இன்னிக்கு 'டிஸ்'னு நீங்க பந்தாவாச் சொல்ற டாடா இன்ஸ்டிட்யூட் ஆஃப் சோஷியல் சயின்ஸஸ் அதுதான். நம்ம ஊரில் 1952-இல் மேரி கிளப்வாலா ஜாதவ் முன்னின்று மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கைக் கொண்டுவந்தாங்க. கிளாஸ் ரூம் கொஞ்சம், களம் அதிகம். பல காலேஜில் வாரத்துக்கு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, சேரி, ஜெயில், ஃபேக்டரின்னு அனுப்பிடுவாங்க. அப்படி அனுப்பற பழக்கத்தில் சில நேரம் பெரிய காரியமும் நடக்கும். ஆபத்தில் இருக்கிற குழந்தைகளுக்கான 1098 எண் தெரியுமில்லையா? 1996-இல் மும்பையில், இதே டாடா நிறுவனத்தோட களப்பணித் திட்டமாத்தான் அது பிறந்துச்சு.

சரி, நாங்க என்ன பெரிய காரியம் பண்ணினோம்? கேளுங்க.

முதல் நாள் டீக்கடையில் இறங்கினதுமே ஒரு பெரியவர், "எந்த லோன் கம்பெனிங்க நீங்க?"ன்னார். 'லோன் இல்லீங்கய்யா, சோஷியல் ஒர்க் ஸ்டூடன்ட்ஸ்'னோம். "அப்போ சர்வேயுங்களா?" ஆமான்னோம். "போன வருசமும் வந்தாங்க. அவங்களும் எழுதிட்டுத்தான் போனாங்க"ன்னு சொல்லிட்டு பேப்பரை விரிச்சு முகத்தை மறைச்சுக்கிட்டார். எங்க உற்சாகத்தில் பாதி அந்த டீ கிளாஸ்லேயே ஆறிப்போச்சு.

மூணாம் நாள் ஊர் வரைபடம். கேள்வித்தாளைத் தூக்கிப் போட்டுட்டு, ஊர்க்காரங்களையே தரையில் தங்கள் ஊரை வரையச் சொல்றது. பங்கேற்பு முறைன்னு பேரு. ராபர்ட் சேம்பர்ஸ்ங்கிற ஆங்கிலேயர் இதைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதியிருக்கார். கோயிலுக்கு முன்னாடி மைதானம். கோலப்பொடி, செங்கல் தூள், புளியங்கொட்டை, வேப்பிலை. அரை மணி நேரத்தில் அக்காமார்கள் எல்லாரும் சேர்ந்து ஒரு ஊரையே விரிச்சுட்டாங்க! புளியங்கொட்டை வச்சா அந்த வீட்டில் ஸ்கூல் போற பிள்ளை, வேப்பிலை வச்சா மரம், கல் வச்சா அடி பம்ப்பு. ஒரு பாட்டி அடி பம்ப்பு மேலே இன்னொரு கல்லை வச்சு, "இது ரிப்பேருங்க கண்ணு"ன்னாங்க. நாங்க கை தட்டினோம். போட்டோ எடுத்தோம். சாயங்காலம் சார்ட்டில் வரைஞ்சு, கலர் அடிச்சு, ஒட்டியும் வச்சாச்சு. கலக்கிட்டோம்ல?

எங்க மேடம் வந்தாங்க. சார்ட்டை ரெண்டு நிமிஷம் பார்த்தாங்க. ஒரே ஒரு கேள்வி. "ரேஷன் கடையில் மொத்தம் எத்தனை கார்டுன்னு கேட்டீங்களா?"

கேட்கலை. மறுநாள் கேட்டோம். எங்க வரைபடத்தில் இருந்த வீடுகளை விட முப்பது கார்டுக்கு மேலே அதிகம்.

மேடம் திட்டலை. "வரைபடத்தை எங்கே உட்கார்ந்து போட்டீங்க?"ன்னாங்க. கோயில் முன்னாடி. "அங்கே வந்து சரிசமமா உட்கார முடியாதவங்க இந்த ஊரில் இருக்காங்களான்னு யோசிச்சீங்களா?"

அந்த முப்பது சொச்சம் வீடும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்துச்சு. ஒரு தெரு. வரைஞ்ச அக்காமார்கள் யாரும் பொய் சொல்லலை. அவங்க மனசில் இருந்த ஊரில் அந்தத் தெரு இல்லை, அவ்வளவுதான். அவங்களை விடுங்க. எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிற பன்னிரண்டு பேர் மூணு நாளா அந்த ஊரில் சுத்தினோம். எங்களுக்கும் தெரியலையே! நாங்க தங்கின சமுதாயக் கூடம் இந்தப் பக்கம், சாப்பிட்ட வீடு இந்தப் பக்கம், டீக்கடையும் இந்தப் பக்கம்.

அன்னிக்கு சாயங்காலம் ஓடையைத் தாண்டினேன். அங்கேதான் அவளைப் பார்த்தேன். பத்தாங்கிளாஸ். வாசல்படியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுட்டு இருந்தா. மடியில் நாலு வயசுத் தங்கச்சி. அப்பா இல்லை. அம்மா காட்டு வேலை. பேச்சோட பேச்சா அம்மா சொன்னாங்க. பரீட்சை முடிஞ்சதும் பொண்ணை மில்லுக்கு அனுப்பறாங்களாம். மூணு வருஷம் அங்கேயே ஹாஸ்டலில் தங்கி வேலை செஞ்சா, கடைசியில் மொத்தமா ஒரு தொகை. கல்யாணச் செலவுக்கு ஆச்சு.

உங்களில் சிலருக்கு இது 'சுமங்கலித் திட்டம்'னு பேப்பரில் படிச்ச ஞாபகம் இருக்கும். திருப்பூர், கோவை, ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களில் நூற்பாலைகள் பலதும் இப்படித்தான் ஆள் எடுத்தாங்க. வெளியே போக விடாத ஹாஸ்டல், இழுக்கிற ஷிஃப்ட், காலக்கெடு முடியறதுக்குள்ளே உடம்பு முடியாம வந்துட்டா மொத்தத் தொகையில் வெட்டு. 2011-இல் வெளிநாட்டு அமைப்புகள் அறிக்கையே போட்டாங்க. அந்த அறிக்கையை நான் செமினாரில் வாசிச்சு கைதட்டு வாங்கியிருக்கேன். இப்போ எதிரில் உட்கார்ந்து கணக்குப் போட்டுட்டு இருக்கா.

"படிக்கணும்னு ஆசையா?"ன்னேன். அம்மாவைப் பார்த்தா. அப்புறம் தலையை ஆட்டினா.

பழனியில் அரசு மாணவியர் விடுதி இருக்கு, சாப்பாடு தங்கல் இலவசம், பிளஸ் ஒன் சேரலாம்னு அம்மாகிட்ட சொன்னேன். அதுக்கு என்னென்ன வேணும்? ஜாதிச் சான்றிதழ் இருக்கு. வருமானச் சான்றிதழ் இல்லை. வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார்னு மூணு இடத்துக்கு அலையணும். ஒருநாள் அலைஞ்சா ஒருநாள் கூலி போச்சு. ரொம்ப சுலபமாச் சொன்னேன், "நீங்க கவலையே படாதீங்கம்மா. பரீட்சை முடிஞ்சதும் நான் வர்றேன். தாலுகா ஆபீஸுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்."

அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. நோட்டில் பேர், வயசு எல்லாம் எழுதிக்கிட்டேன்.

அப்புறம் எனக்கு ஏப்ரலில் செமஸ்டர். மே மாசம் முழுக்க சென்னையில் ஒரு ஆஸ்பத்திரியில் களப்பணி. ஜூனில் ஊருக்குப் போனேன், காய்ச்சல். சாக்கு எல்லாம் உண்மைதான். ஆனா ஒரு போன்கூடப் பண்ணலையே? ஆகஸ்ட்டில் கிராம முகாம் ரிப்போர்ட்டுக்கு 'ஓ' கிரேடு வந்துச்சு. அட்டையைப் பார்த்தப்போதான் அந்த வாசல்படி ஞாபகம் வந்துச்சு. அந்த வாரமே பஸ் ஏறினேன்.

அவ இல்லை. ஜூன் மாசமே மில் வேன் வந்து கூட்டிட்டுப் போயிடுச்சு. அம்மா உள்ளே போய், மஞ்சள் பையில் இருந்து மார்க் ஷீட்டை எடுத்துட்டு வந்து காட்டினாங்க. ஐநூறுக்கு நானூத்தி இருபத்திமூணு.

திட்டியிருந்தா தேவலை. "பாருங்க, ஆபீஸ்ல கேட்டா நீங்க வந்தாத்தான் நடக்கும்னு இருந்துட்டேன் கண்ணு. உங்க நோட்டுல எங்க பேரு இருக்குமில்ல?"ன்னாங்க. காப்பி வேற போட்டுக் கொடுத்தாங்க. குடிச்சேன். குடிக்காம எழுந்திரிக்க முடியுமா?

எங்க பாடத்தில் பீஸ்டெக்னு ஒரு பாதிரியார் வருவார். 1957-இல் எழுதின புத்தகத்தில், உதவி கேட்டு வர்றவங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு ஏழு கொள்கை சொல்லியிருக்கார். ஏத்துக்கணும், தீர்ப்பு சொல்லக் கூடாது, ரகசியம் காக்கணும், முடிவை அவங்களே எடுக்க விடணும்... அப்படிப் போகும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். செய்ய முடியாததைச் சொல்லாதேன்னு எட்டாவதா ஒண்ணை அவர் சேர்த்திருக்கலாம்னு அந்தத் திண்ணையில் உட்கார்ந்து யோசிச்சேன். அப்புறம் பார்த்தா, தப்பு அவர்மேலே இல்லை. அந்தம்மா தானே போய் வாங்கியிருக்கக் கூடிய சான்றிதழ் அது. எந்த ஆபீஸ், எந்த நாள், என்ன கேட்பாங்கன்னு சொல்லிக் கொடுத்திருந்தா போதும். 'நானே'ன்னு சொல்லி, அவங்க காலை நான்தான் கட்டிப் போட்டேன். சித்தப்பா, அன்னதானத்துக்கும் படிப்புக்கும் வித்தியாசம் இப்போ தெரிஞ்சுடுச்சு. கொஞ்சம் லேட்டாத் தெரிஞ்சுடுச்சு.

'வேலை கிடைக்குமா?'ன்னு நீங்க கேட்கத் துடிக்கிறது தெரியுது. கிடைக்கும். ஆஸ்பத்திரியில் மருத்துவ சமூகப் பணியாளர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, தொண்டு நிறுவனங்கள் எல்லாம் உண்டு. கம்பெனிகள் லாபத்தில் ரெண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்கணும்னு 2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளுக்குச் சொன்னதில் கொஞ்சம் கதவு திறந்திருக்கு. மனநலத் துறைக்குப் போகணும்னா எம்.ஃபில். வேணும்னு 2017 மனநலச் சட்டமே சொல்லுது. எங்க பேட்ச்சில் பாதிப் பேர் ஹெச்.ஆர். ஆயிட்டாங்க. 500 பேரோ அதுக்கு மேலேயோ வேலை செய்யற தொழிற்சாலையில் நல அலுவலர் இருக்கணும்னு 1948 தொழிற்சாலைச் சட்டம் சொன்ன காலத்தில் இருந்து வர்ற பழக்கம் அது. அதைக் கேவலமா நினைக்க வேண்டாம். மில் கேட்டுக்கு உள்ளே இருந்தும் செய்ய வேண்டியது நிறைய இருக்கு. நம்ம மாவட்டத்தில் ஒரு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் 2021-இல் கொல்லப்பட்ட பிறகு, பெண்களே நடத்தற தொழிற்சங்கம் ஒண்ணு விடாம நின்னு, 2022 ஏப்ரலில் கம்பெனியையும் வெளிநாட்டு பிராண்டையும் கையெழுத்துப் போட வச்சாங்க. உலகத்தில் எங்கே தொழிலாளர் பத்திப் பேசினாலும் 'திண்டுக்கல் ஒப்பந்தம்'னு சொல்றாங்க. சம்பளம்? ஆரம்பத்தில் இன்ஜினீயரிங் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட சொல்லிக்கிற மாதிரி இருக்காது. மறைக்க விரும்பலை.

கீரனூர் வந்தாச்சு. இறங்குங்க. டீ குடிச்சுட்டு நடக்கலாம். ஓடைக்கு இப்போ பாலம் போட்டிருக்காங்க. அந்தப் பெரியவர் டீக்கடையில் இல்லை. அவர் உட்கார்ந்த பெஞ்சு இருக்கு.

அவளைப் பத்திக் கேட்பீங்க. ரெண்டாவது வருஷமே உடம்பு முடியாம வந்துட்டா. பேசின தொகை முழுசா வரலை. இப்போ கல்யாணம் ஆகி, தாராபுரம் பக்கம் வீட்டிலேயே தையல். நான் போன் பண்ணினா எடுப்பா, நல்லாப் பேசுவா. படிப்பைப் பத்தி ரெண்டு பேருமே பேச மாட்டோம்.

இன்னிக்கு நாம வந்தது அவளோட தங்கச்சிக்காக. மடியில் இருந்ததே, அதேதான். பிளஸ் டூ முடிச்சிருக்கா. அரசுப் பள்ளி. காலேஜ் சேர்ந்தா, 2022-இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தில் மாசம் ஆயிரம் ரூபாய் வரும். அதோட முதல் பட்டதாரிச் சான்றிதழும் வாங்கி வச்சுக்கணும். தாலுகா ஆபீஸ் அலைச்சல் அப்போ மாதிரி இல்லை, இ-சேவை மையத்தில் ஆன்லைன். நான் எதையும் வாங்கிக் கொடுக்க வரலை. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு போனிலேயே சொல்லிட்டேன். ரேஷன் கார்டு, ஆதார், மாற்றுச் சான்றிதழ், எல்லாத்தையும் அந்தப் பழைய மஞ்சள் பையில் அம்மா எடுத்து வச்சிருக்காங்க. "வாங்க கண்ணு. கூட வந்திருக்கிறது யாரு, உங்க ஸ்டூடன்ட்டா?"ன்னு உங்களைப் பார்த்துக் கேட்கறாங்க. என்ன சொல்றதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க.

இ-சேவை மையத்தில் நாம வெளி பெஞ்சில் உட்காருவோம். அவங்க ரெண்டு பேரும் உள்ளே. கம்ப்யூட்டர் முன்னாடி இருக்கிற பையன் குடும்பத்தில் ஒவ்வொருத்தர் படிப்பா கேட்கறான். தாத்தா? படிக்கலை. பாட்டி? படிக்கலை. அப்பா? அஞ்சாவது. அம்மா? படிக்கலைங்க.

"கூடப் பிறந்தவங்க?"

"அக்கா ஒருத்தி" என்கிறாள் தங்கச்சி.

"அவங்க என்ன படிச்சிருக்காங்க?"

"பத்தாவது."

பையன் தட்டிக்கொண்டே, "டிகிரி இல்லையே? அப்போ நீங்கதான் முதல் பட்டதாரி. பிரச்னை இல்லை" என்கிறான். அம்மா திரும்பி ஜன்னல் வழியா என்னைப் பார்க்கறாங்க.

பழனி பஸ் ஹாரன் அடிக்குது. போகட்டும் விடுங்க. அடுத்த வண்டியில் போயிக்கலாம்.